குழந்தையோடு ஊர் திரும்புவதா? வெளிநாட்டு மணமுறிவில் மூன்று வழிகளும் அவற்றின் விலையும்

திரும்பிச் செல்லும் டிக்கெட் எடுத்திருக்கிறீர்களா? வெளிநாட்டிலிருந்து குழந்தையோடு வந்து இறங்கி, "இனி அங்கே போகமாட்டேன்" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எடுத்திருந்தால் எந்தத் தேதிக்கு? அந்தத் தேதிவரை அது விடுமுறைப் பயணம். கணவரும் சம்மதித்துத்தான் அனுப்பியிருப்பார். விமான நிலையத்துக்கு வந்து பெட்டிகளைத் தூக்கி வைத்துக்கூட உதவியிருப்பார். அந்தத் தேதி கடந்த மறுநாள் அதே வீடு, அதே குழந்தை, அதே தாத்தா பாட்டி. ஆனால் குழந்தை வளர்ந்த நாட்டின் நீதிமன்றம் அதற்கு வேறு பெயர் வைத்துவிடும்: சட்டவிரோதமாக நிறுத்திவைத்தல்.

மணவாழ்க்கை முறிந்து, குழந்தையோடு தமிழ்நாட்டுக்குத் திரும்ப நினைக்கும் ஒருவர் முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. முதலில் வந்துவிட்டு, பிறகு இங்கே வழக்குப் போடுவது. அங்குள்ள நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வருவது. இருவரும் பேசி முடித்து, அந்த உடன்பாட்டை இரண்டு நாட்டு நீதிமன்றங்களிலும் உத்தரவாக்கிக்கொள்வது. பேசிப் பார்க்கும்போது முதல் வழிதான் எளிதாகத் தோன்றும், சொந்தக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். என் கருத்து அதற்கு நேர் எதிரானது. ஆனால் எல்லா நிலைமைக்கும் அது பொருந்தாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தாய் என்று நான் எழுதும் இடத்தில் தந்தை என்றும் படித்துக்கொள்ளலாம். அப்பாக்களும் இதைச் செய்கிறார்கள். ஆனாலும் 2021ஆம் ஆண்டின் விண்ணப்பங்களை வைத்து நடந்த உலகளாவிய ஆய்வில், குழந்தையைக் கொண்டுபோனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் தாய்மார். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தையை அன்றாடம் வளர்த்துவந்தவர்கள்.

முதலில், பெற்றோரே குழந்தையை நாடு கடத்திச் செல்வது பற்றிய ஹேக் உடன்படிக்கை. 1980 அக்டோபர் 25இல் கையெழுத்தாகி, 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. குழந்தை அம்மாவிடம் இருக்க வேண்டுமா, அப்பாவிடம் இருக்க வேண்டுமா என்று இந்த உடன்படிக்கை எங்கும் சொல்வதில்லை. அதை எந்த நாட்டு நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது: குழந்தை வழக்கமாக வசித்துவந்த நாடு. 16 வயதுக்குட்பட்ட குழந்தையை, மற்றவரின் பராமரிப்பு உரிமையை மீறி வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால், அந்த நாடு குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆறு வாரத்துக்குள் முடிவெடுப்பது இலக்கு. விதிவிலக்குகள் உண்டு. மனு போடுவதற்குள் ஓராண்டு கடந்து குழந்தை புதிய இடத்தில் ஊன்றிவிட்டிருந்தால், மற்றவர் முன்பே சம்மதித்திருந்தால், திரும்பினால் குழந்தைக்கு உடலளவிலோ மனத்தளவிலோ கடுமையான ஆபத்து இருந்தால், விவரம் தெரிந்த வயதில் குழந்தையே மறுத்தால், நீதிமன்றம் அனுப்ப மறுக்கலாம். ஆறு வாரம் என்பது பெரும்பாலும் ஏட்டில்தான். அதே 2021 ஆய்வில் சராசரி கணக்கு அரை ஆண்டைத் தாண்டியது.

இந்தியா இதில் சேரவில்லை. 2009இல் சட்ட ஆணையம் தன் 218ஆவது அறிக்கையில் சேரலாம் என்று சொன்னது. 2016இல் ஒரு வரைவு மசோதா வந்தது, அதே ஆண்டு சட்ட ஆணையத்தின் இன்னோர் அறிக்கையும் வந்தது. நீதிபதி ராஜேஷ் பிந்தல் தலைமையிலான குழு 2018இல் வேறொரு வரைவைக் கொடுத்தது. எல்லாம் அலமாரியில் இருக்கின்றன. வெளிநாட்டில் அடி வாங்கி ஓடிவரும் பெண்ணை, குழந்தையின் பெயரால் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் சட்டமாக இது மாறிவிடும் என்பதுதான் தயக்கத்துக்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம். அந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது. உடன்படிக்கையை எழுதியவர்கள் மனதில் இருந்த வில்லன், குழந்தையைப் போய்ப் பார்க்கும் உரிமை மட்டுமே உள்ள, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தகப்பன். நடைமுறையில் வந்து நின்றதோ வளர்க்கும் தாய்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்மவர்கள் திரும்பிப் போகும் நாடுகளெல்லாம் ஒரே சட்டத்தின் கீழ் இல்லை. இலங்கை 2001இலேயே சேர்ந்து, அதற்கென ஒரு சட்டத்தையும் இயற்றிக்கொண்டது. சிங்கப்பூர் 2011இலிருந்து உள்ளே இருக்கிறது. மலேசியா வெளியே, இந்தியா வெளியே. ஆகவே லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோகும் தாயும், அதே தெருவிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவரும் தாயும் ஒரே காரியத்தைச் செய்தாலும், சந்திக்கப்போகும் வழக்குகள் வேறு வேறு. முதலாமவருக்கு எதிராக மனு ஓர் அரசுத் துறை வழியாக வரும், கேள்வி குறுகலானது: திருப்பி அனுப்புவதா இல்லையா. இரண்டாமவருக்கு எதிராக வருவது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது குழந்தையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தக் கேட்கும் மனு. அதில் கேட்கப்படும் கேள்விகளுக்கு எல்லை கிடையாது. (பிற்பாடு சேர்ந்த நாடு என்றால், மற்ற நாடு அந்தச் சேர்க்கையை ஏற்றுக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏற்காத இரண்டு நாடுகளுக்கிடையில் உடன்படிக்கை செல்லாது.)

வந்துவிட்டுப் பார்ப்பது

இந்த வழியின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. அங்கே வழக்கறிஞர் கட்டணம் டாலரில், பவுண்டில். அமெரிக்காவில் ஹெச்-4 என்னும் சார்பு விசாவில் இருப்பவருக்குக் கணவரின் வேலை விசாவே உயிர்நாடி. விவாகரத்து உத்தரவு வந்த அன்றே தங்கும் உரிமை போய்விடும். கையில் சம்பளம் இல்லை, பக்கத்தில் அம்மா இல்லை. இங்கே வந்தால் வீடு இருக்கிறது, ஆள் இருக்கிறது, மொழி இருக்கிறது. "ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம்தான்" என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம் சொல்வதாக யாரோ சொல்லியிருப்பார்கள். சொல்கிறதுதான், 'சாதாரணமாக' என்ற சொல்லோடு சேர்த்து.

வந்த பிறகு நடப்பது ஏறக்குறைய இப்படி. தாய் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்துக்கும் குழந்தையின் பொறுப்புக்கும் மனு போடுவார். கணவர் அங்கே அவசர மனு போடுவார். அமெரிக்காவில் ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் ஒரே மாதிரியான சட்டம்: குழந்தை கடைசியாகத் தொடர்ந்து ஆறு மாதம் எங்கே வசித்ததோ அந்த மாநிலத்துக்கே அதிகாரம்; குழந்தை வெளியேறினாலும், பெற்றோரில் ஒருவர் அங்கேயே இருந்தால், அடுத்த ஆறு மாதத்துக்கும் அந்த அதிகாரம் நீடிக்கும். தாய் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவு வரும். அதை எடுத்துக்கொண்டு கணவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ வருவார்.

ஆட்கொணர்வு மனு என்றால் எதிர்மனுதாரர் பட்டியலில் காவல் ஆய்வாளரும் இருப்பார். ஒரு நாள் காலை உள்ளூர் நிலையத்திலிருந்து அழைப்பு வரும்: குழந்தையை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும். அந்த வராந்தாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தாத்தா பாட்டி, கையில் தண்ணீர்ப் பாட்டிலும் பிஸ்கட் பாக்கெட்டும். பக்கத்தில் மஃப்டியில் ஒரு பெண் காவலர். இன்னொரு பக்கம், பல மாதமாக மகளைப் பார்க்காத தகப்பன் பெரிய பொம்மைப் பையோடு நிற்பார். அதை வாங்கலாமா கூடாதா என்று குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையை எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கவனித்துக்கொண்டிருப்பார். பிறகு இரண்டு நீதிபதிகள் தங்கள் அறைக்குக் குழந்தையை மட்டும் அழைப்பார்கள். எந்த வகுப்பு, யார் சாப்பாடு கொடுக்கிறார்கள், அப்பாவோடு பேசுவாயா. பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் குழந்தை சொல்வது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று முன்கூட்டிக் கணிக்க யாராலும் முடியாது.

தீர்ப்பையும் கணிக்க முடியாது. 2015 பிப்ரவரியில், இங்கிலாந்திலிருந்து கோவைக்கு அழைத்துவரப்பட்ட இரண்டு சிறுமிகளின் வழக்கில், உயர் நீதிமன்றத்தில் தோற்ற தந்தை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். எந்த நாட்டு நீதிமன்றம் முதலில் பயனுள்ள உத்தரவு போட்டதோ அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. இரண்டே ஆண்டில், 2017 ஜூலையில், மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தப் பார்வையை ஏற்கவில்லை. இந்தியா உடன்படிக்கையில் இல்லை. ஆகவே வெளிநாட்டு உத்தரவு என்பது பார்க்க வேண்டிய பலவற்றில் ஒன்று, குழந்தையின் நலனே மேலானது என்று சொல்லி, அந்த வழக்கின் குழந்தையைத் தாயிடம் விட்டது. இதைப் படித்துவிட்டு "இந்தியா வந்துவிட்டால் தப்பித்தோம்" என்று நினைத்தவர்கள் அதற்குப் பின் வந்தவற்றைப் படிக்கவில்லை. 2018இல் குழந்தை தாயிடம். 2019இல் அமெரிக்காவுக்குத் திரும்ப உத்தரவு. 2020 ஜனவரியில் மறுபடி அமெரிக்காவுக்கு. 2022இல், கொரோனா தொடங்கிய மாதத்தில் பெங்களூருக்கு அழைத்துவரப்பட்ட சிறுவன், இங்கே இரண்டு ஆண்டுக்கு மேல் படித்த பிறகும், திரும்பிச் செல்ல வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

இவற்றுக்குள் ஒரு போக்கு தெரிகிறது என்றே நினைக்கிறேன். குழந்தை அங்கே பிறந்தது, அந்த நாட்டுக் குடிமகன், வந்து சில மாதந்தான் ஆகிறது, தகப்பன் மேல் சொல்லும்படியான குற்றச்சாட்டு இல்லை என்றால், சுருக்கமாக விசாரித்துத் திருப்பி அனுப்பும் பக்கமே தராசு சாய்கிறது. பச்சிளம் வயது, நோய், வன்முறைக்கு ஆதாரம், இங்கே ஆழமாக வேர்விட்டுவிட்ட வாழ்க்கை என்று ஏதேனும் இருந்தால் விரிவான விசாரணை, பெரும்பாலும் இங்கேயே. இது போக்கு மட்டுந்தான், விதி கிடையாது. ஒரே உண்மைகளை வைத்து இரண்டு அமர்வுகள் இரண்டு முடிவுக்கு வர இடம் இருக்கிறது.

சரி, வென்றுவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். சென்னையில் கிடைத்த வெற்றிக்கு இந்திய எல்லைக்கு வெளியே என்ன மதிப்பு? அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெற்றோரே குழந்தையைக் கொண்டுபோனாலும் மூன்றாண்டு வரை சிறை. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழாண்டு வரை. இங்கே உங்கள் பெயரில் உத்தரவு இருக்கும், அங்கே வாரண்ட் இருக்கும். அலுவலக வேலையாகக்கூட அந்த நாட்டுக்குப் போக முடியாது. ஆட்கொணர்வு மனு தள்ளுபடி ஆனதால் அங்குள்ள வழக்கு முடிந்துவிடாது.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு; நான் பார்த்த அளவில் இதைத் தெரிந்துகொண்டு வந்தவர்கள் மிகக் குறைவு. நீதிமன்ற உத்தரவை மீறி அமெரிக்கக் குடிமகனான குழந்தையை வெளிநாட்டில் வைத்திருக்கும் வெளிநாட்டவருக்கு, குழந்தையை ஒப்படைக்கும்வரை விசா மறுக்கலாம். ஹேக் நாட்டில் குழந்தை இருந்தால் இந்த விதி பொருந்தாது. இந்தியாவில் இருந்தால் பொருந்தும். தெரிந்தே உதவி செய்த உறவினர்களையும் அது இழுக்கும். அமெரிக்காவில் பிளசண்டனில் இருக்கும் மூத்த மகனைப் பார்க்கப் போக வேண்டிய தாத்தா பாட்டிக்கு, மகளுக்கு வீடு கொடுத்ததற்காக விசா கிடைக்காமல் போகலாம்.

பாஸ்போர்ட் இன்னொன்று. 16 வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும். புதுப்பிக்கப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும், இல்லாவிட்டால் தனிப் பொறுப்பு தந்த நீதிமன்ற உத்தரவு. கணவர் கையெழுத்துப் போடமாட்டார். குழந்தை இந்தியக் குடிமகனும் அல்ல. காலாவதியான பாஸ்போர்ட்டோடு வளரும் குழந்தைக்கு பள்ளிச் சுற்றுலாவுக்கு சிங்கப்பூர் போவதுகூட வழக்காகிவிடும்.

இவ்வளவுக்கும் மேல், குழந்தை தகப்பனிடம் கோடை விடுமுறைக்குப் போக முடியாது. போனால் அவர் திருப்பி அனுப்பமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் அப்படித்தானே செய்தீர்கள் என்று அவர் கேட்பார். யார் ஜெயிப்பார்கள் என்பதைவிட, ஜெயித்த பிறகு இந்தக் குழந்தை எங்கெல்லாம் போய்வர முடியும் என்ற கேள்வியை முன்வைத்துப் பார்த்தால் முதல் வழியின் மலிவு காணாமல் போய்விடும்.

அனுமதி கேட்டு வருவது

இது நீளமான வழி, செலவான வழி, தோற்கவும் வாய்ப்புள்ள வழி. இருந்தும், வன்முறை இல்லாத வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அங்குள்ள நீதிபதி கேட்பது இரண்டு. இடமாற்றம் குழந்தைக்கு நல்லதா என்பது ஒன்று. குழந்தை இந்தியாவுக்குப் போனபின் என் உத்தரவு காற்றில் போய்விடாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது மற்றொன்று. இந்தியா ஹேக்கில் இல்லை என்பது இந்த இரண்டாவது கேள்வியில்தான் நம்மை அடிக்கிறது. இங்கிலாந்து நீதிமன்றங்கள், உடன்படிக்கையில் இல்லாத நாட்டுக்குக் குழந்தையை அனுப்பும்போது, உத்தரவு மீறப்படும் வாய்ப்பு எவ்வளவு, மீறினால் விளைவு எவ்வளவு மோசம், அதைத் தடுக்க என்ன பாதுகாப்பு என்று மூன்றையும் எடைபோடுகின்றன. இரண்டு வாரத் திருமணத்துக்கு அழைத்துவரக்கூட இந்தக் கேள்விகள் எழும். கலிஃபோர்னியாவின் குடும்பச் சட்டம், கடத்தல் அபாயம் இருக்கிறதா என்று நீதிபதி பார்க்க வேண்டிய அடையாளங்களையும், பிணைத்தொகை, பாஸ்போர்ட் ஒப்படைப்பு, மற்ற நாட்டிலும் அதே உத்தரவைப் பெறுதல் போன்ற நிபந்தனைகளையும் வரிசையாக எழுதியே வைத்திருக்கிறது. வேலையை விட்டது, வீட்டைக் காலி செய்தது, குழந்தையின் பள்ளிச் சான்றிதழ்களை வாங்கியது எல்லாம் அந்த அடையாளங்களில் சேரும். சாமான்களை மூட்டை கட்டிவிட்டு அனுமதி கேட்கப் போகாதீர்கள்.

மனுவில் "என் பெற்றோர் பார்த்துக்கொள்வார்கள்" என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பள்ளி, எந்தப் பாடத்திட்டம், கட்டணம் எவ்வளவு, யார் கட்டுவது. உங்களுக்கு எங்கே வேலை. குழந்தைக்கு ஆஸ்துமா என்றால் எந்த மருத்துவர். தமிழ் படிக்கத் தெரியாத எட்டு வயதுக் குழந்தை பள்ளியில் எப்படிச் சமாளிக்கும். இவற்றையெல்லாம்விட நீதிபதி கவனமாகப் படிக்கும் பக்கம், தகப்பனைக் குழந்தை எப்படிப் பார்க்கும் என்பதுதான். ஆண்டுக்கு எத்தனை வாரம், டிக்கெட் யார் செலவு, தீபாவளி யாருக்கு, கிறிஸ்துமஸ் விடுமுறை யாருக்கு. அந்தப் பக்கத்தைத் தாராள மனதோடு எழுதியவரை நீதிபதி நம்புவார். பழிவாங்கும் தொனியில் எழுதியவரிடம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் தயங்குவார்.

கிடைத்தபின்? அமெரிக்காவில் தகப்பன் அதே மாநிலத்தில் இருக்கும்வரை அந்த நீதிமன்றத்தின் அதிகாரம் பெரும்பாலும் தொடரும். நாளைக்கு அவர் திருத்தம் கேட்டால் அங்கேதான் பதில் சொல்ல வேண்டும். சிலருக்கு இது தலைமேல் கத்தியாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தை கோடைக்குப் போய்த் திரும்பி வரும் என்பதற்கு அங்குள்ள காவல்துறையே மதிக்கும் ஒரே காகிதம் அந்த உத்தரவுதான்.

கிடைக்காவிட்டால்? அதுதான் இந்த வழியின் உண்மையான ஆபத்து. மறுத்த பிறகு கிளம்பினால், அனுமதி கேட்காமல் வந்தவரைவிட நிலைமை மோசம். தெரிந்தே மீறியவர் என்ற முத்திரை இங்குள்ள நீதிமன்றத்திலும் கூடவே வரும். விசாவும் இல்லை, அனுமதியும் இல்லை என்று நடுவில் மாட்டிக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். அதனால் குடும்ப வழக்குக்கும் குடியேற்ற வழக்குக்கும் ஒரே நேரத்தில் ஆலோசனை கேட்க வேண்டும், ஒன்று முடிந்தபின் மற்றொன்று என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

பேசி முடிப்பது

இருவரும் இன்னும் முகம் கொடுத்துப் பேசும் நிலையில் இருந்தால், மூன்றில் சிறந்தது இதுவே. சமரசம் பேச இங்கே வசதி உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் சமரச மையம் 2005இலிருந்தே இயங்குகிறது, வீடியோ வழியாக எதிர்த்தரப்பு பேசுவதும் இன்று புதுமை அல்ல.

ஆனால் பேசி முடித்ததை வெறும் ஒப்பந்தமாக, நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வதால் பயனில்லை. அங்கே சம்மத உத்தரவாக வாங்கி, இங்கே குடும்ப நல நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ அதே வாசகத்தோடு இன்னோர் உத்தரவும் பெற வேண்டும். வழக்கறிஞர்கள் இதை மிரர் ஆர்டர் என்பார்கள். வெளிநாட்டுத் தீர்ப்பை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்றித் தரும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு பணம் சார்ந்த தீர்ப்புகளுக்கானது. குழந்தை விஷயத்தில் அதை நம்ப முடியாது. எனவே இரண்டு உத்தரவு.

மிரர் ஆர்டர் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்குக் கென்யா வழக்கை நினைவூட்டுவேன். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், டில்லியில் தாயிடம் வளர்ந்த சிறுவனைக் கென்யாவில் இருக்கும் தந்தையிடம் ஒப்படைத்தது. அங்குள்ள நீதிமன்றத்திலும் அதே உத்தரவைப் பெற வேண்டும், தாய்க்குச் சந்திப்பு உரிமை உண்டு என்பவை நிபந்தனைகள். காகிதங்கள் வந்தன, சிறுவன் போனான். அடுத்த ஆண்டே, இந்திய நீதிமன்றத்தின் அதிகாரத்தையே தந்தை அங்கே எதிர்த்தது தெரியவந்தது. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது, சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது, பிற்பாடு நீதிமன்ற அவமதிப்புக்காகத் தண்டனையும் விதித்தது. சிறுவன் கென்யாவில் இருந்தான். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தின் நிலைமையே அப்படி.

ஆகவே மற்ற நாட்டில் வாங்கிய உத்தரவின் சான்றிட்ட நகல் உங்கள் சொந்த வழக்கறிஞர் மூலம் கைக்கு வந்து, அது அங்கே நிறைவேற்றத்தக்கது என்று அவர் எழுதிக் கொடுத்த பிறகே குழந்தை விமானம் ஏற வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அனுப்பிய நகலை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

அடி வாங்கும் வீடு

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு பேருக்கும் பாதுகாப்பு இருக்கும் வீட்டைப் பற்றியது. கைநீட்டும் கணவரிடம் அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருங்கள் என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன்.

அப்போதும் வரிசை முக்கியம். வீட்டை விட்டு வெளியேறுவதும் நாட்டை விட்டு வெளியேறுவதும் இரண்டு தனித்தனி முடிவுகள். முதலாவதை இன்றே செய்யலாம்: அங்குள்ள காவல்துறை, பெண்கள் காப்பகம், நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவு. இந்தக் காகிதங்கள் பின்னால் எந்த வழக்குக்கும் அடித்தளம். அடி வாங்கியும் ஒரு புகார்கூடக் கொடுக்காமல், இங்கே வந்து இறங்கிய மூன்றாவது மாதம், கணவர் மனு போட்டபின் முதன்முறையாக அதைச் சொல்லும்போது, பொய் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு வாதிடும். மெய்யாகவே அடி வாங்கியவர்களும் அந்த வாதத்தில் தோற்றிருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைத்த மருத்துவச் சீட்டு, அக்காவுக்கு நள்ளிரவில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, பள்ளி ஆசிரியரிடம் குழந்தை சொன்னது, எதையும் அழிக்க வேண்டாம். ஹேக் நாடுகளின் நீதிமன்றங்கள்கூட, தாய்க்கு நேரும் வன்முறை குழந்தைக்கும் கடுமையான ஆபத்துதான் என்று முன்பைவிட அதிகமாகக் கேட்கத் தொடங்கியிருக்கின்றன.

வந்தே தீர வேண்டிய நிலை என்றால், வந்த மறுவாரமே இங்கே மனு போடுங்கள், அங்குள்ள வழக்கிலும் வழக்கறிஞர் வைத்து ஆஜராகுங்கள். 2017 தீர்ப்பில் குழந்தையைத் தாயிடம் விட்ட அதே அமர்வு, குழந்தை வந்த இங்கிலாந்தில் நடந்த வழக்கில் அவர் பங்கேற்க வேண்டும் என்றும் சொன்னது. முகவரியைக் கணவரிடம் மறைக்கலாம், நீதிமன்றத்திடம் மறைக்கக் கூடாது. தாயை வெளிநாட்டுக்குப் போகும்படி நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022இன் இன்னொரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே குழந்தை தந்தையோடு அமெரிக்கா போனது. வேண்டுமானால் தாயும் கூடப் போகலாம் என்று விட்டது.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு

குழந்தை போய்விட்டது, திரும்பும் டிக்கெட் தேதியும் கடந்துவிட்டது என்றால் உங்கள் தேர்வு எளிமையானது, ஏனென்றால் நேரம் உங்களுக்கு எதிராக ஓடுகிறது. குழந்தை இலங்கையிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் ஹேக் மனு, ஓராண்டு முடிவதற்குள். இந்தியாவில் என்றால் அங்கே உத்தரவு வாங்கிய கையோடு இங்கே ஆட்கொணர்வு மனு. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போகலாம்தான். ஆனால் குழந்தை சாதாரணமாக எங்கே வசிக்கிறது என்ற கேள்வியிலேயே வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் கழியும், அந்த மாதங்களில் குழந்தை இங்கே புதுப் பள்ளி, புது நண்பர்கள் என்று ஊன்றிவிடும்.

"மனசு ஆறட்டும், தானாக வருவாள்" என்று பெரியவர்கள் சொல்லும் ஆறு மாதம் பின்னால் சம்மதமாகப் படிக்கப்படும். "சரி, கொஞ்ச நாள் அங்கேயே இருங்கள்" என்று நீங்கள் சமாதானத்துக்காக அனுப்பிய ஒரு செய்தியை எதிர்த்தரப்பு அச்செடுத்துத் தாக்கல் செய்யும். கோபமாக எழுத வேண்டாம், மிரட்ட வேண்டாம். இன்ன தேதிக்கு மேல் எனக்குச் சம்மதமில்லை என்று தேதியோடு ஒரு மின்னஞ்சல் போதும். செலவுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தாதீர்கள். இடைக்கால உத்தரவில் வீடியோ அழைப்பைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு ஊர் நேரத்தையும் குறிப்பிட்டு: சென்னையில் மாலை ஏழரை, சிகாகோவில் கோடையில் காலை ஒன்பது, நவம்பர் வந்தால் எட்டு. அந்த ஒரு மணி நேர மாற்றத்தை எழுத மறந்த உத்தரவுகளால், குளிர்காலம் முழுக்க அழைப்பு எடுக்கப்படவில்லை என்று இரண்டு தரப்பும் மாறி மாறிப் புகார் மனு போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.